வெள்ளியும் ஞாயிறும் என் தலையில்

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. இதை யாரிடமும் மறைத்ததில்லை. மறைக்கிற அளவுக்குப் பொறுமையும் இல்லை. கும்பாபிஷேகப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லி விடுவேன், உள்ளே வீட்டுக்காரி இருக்கிறாள், அவளிடம் கொடுங்கள் என்று. அவள் ஆண்டிபட்டிக்காரி. எல்லாச் சாமியையும் கும்பிடுவாள். நான் அவளைத் தடுத்ததில்லை. அவள் என்னைத் திருத்தப் பார்த்து, கல்யாணமான மூன்றாம் வருடத்தோடு விட்டுவிட்டாள்.

கடவுள் இல்லை என்று சொல்கிறவனுக்கு என்ன நஷ்டம் என்று யாராவது கேட்டால் நான் பெரிய தத்துவமெல்லாம் பேச மாட்டேன். லீவு கிடையாது. அதுதான் நஷ்டம். நான் பன்னிரண்டு வருடம் லீவு இல்லாமல் கிடந்தேன்.

கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி போகிற பக்கம் எங்களுக்கு ஒரு கூட்டுக் கிணறு இருக்கிறது. நாலு பேர் பங்கு. ஒரு பங்கு என்னுடையது, நான் வாழை போட்டிருக்கிறேன். இன்னொரு பங்கு ஒரு ரிட்டயர்டு வாத்தியாருடையது. கிறிஸ்தவர், பன்னீர் திராட்சை போட்டிருக்கிறார், அவருடைய பந்தலைப் பார்த்தால் பள்ளிக்கூட நோட்டில் கோடு போட்ட மாதிரி இருக்கும். மூன்றாவது பங்கு தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு பாயுடையது. ஊரே அவரை பாய் என்று கூப்பிட்டாலும் எனக்கு அவர் மாப்பிள்ளை முறை, நான் அவருக்கு மாமா. எங்கள் பக்கம் இந்த முறையெல்லாம் மதம் பார்த்து வருவதில்லை. கடைசியாக அரைப் பங்கு என் பெரியப்பா மகன் சம்சாரத்துக்கு. அண்ணன் போன பிறகு மதினிதான் கத்திரியும் தக்காளியும் போட்டு அந்த நிலத்தைப் பார்க்கிறார். அரைப் பங்குதான் என்றாலும் கிணற்றடியில் மதினி பேச்சு முழுப் பங்குக்கு மேலே இருக்கும்.

கூட்டுக் கிணறு என்றால் தண்ணீருக்கு முறை உண்டு. இன்றைக்கு உன் நாள் என்றால் மோட்டாரும் தண்ணீரும் உன்னுடையவை. காலை ஒன்பதுக்கு மூணு பேஸ் கரண்டு வரும், மூன்று மணிக்குப் போகும். அந்த நேரம் முழுக்க ஆள் வயலில் இருக்க வேண்டும். இப்போது போன் பண்ணினாலே மோட்டார் ஓடுகிற ஸ்டார்ட்டர் வந்துவிட்டது, ஆனால் வால்வைத் திருப்ப போனுக்குக் கை கிடையாது. ஒரு பாத்தி நிரம்பினால் அடுத்த வால்வைத் திறக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் ஒரு பக்கம் குளம், ஒரு பக்கம் பாலைவனம்.

முன்பு இந்த முறை சுற்றிச் சுற்றி வரும். இந்த வாரம் ஒருவருக்கு வெள்ளி என்றால் அடுத்த சுற்றில் வேறொருவருக்கு. பண்டிகை நாள் யார் தலையில் விழுகிறதோ அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். அந்தக் காலத்தில் நான் பகுத்தறிவுக் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் விற்கிற சின்னச் சின்னப் புத்தகங்களையெல்லாம் வாங்கிப் படிப்பேன். எந்த மதத்தில் உலகம் எப்படிப் படைக்கப்பட்டது, எவன் செத்தால் எங்கே போவான், யார் என்ன தின்னக் கூடாது, எல்லாம் எனக்கு மனப்பாடம். இந்த அறிவை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா. ஒரு நாள் நீலப் பெயிண்டை எடுத்து மோட்டார் ரூம் சுவரில் நானே முறை எழுதினேன்.

வாத்தியாருக்குத் திங்களும் புதனும், பாய்க்குச் செவ்வாயும் வியாழனும், மதினிக்குச் சனி. ஞாயிறு கிறிஸ்தவருக்கு ஓய்வு நாள், வெள்ளி முஸ்லிமுக்கு ஓய்வு நாள், அதனால் இரண்டையும் நான் எடுத்துக்கொண்டேன். மதினியின் சனிக்கிழமை அமாவாசையில் விழுந்தால் அதையும் நான் எடுத்துக்கொண்டு என் வெள்ளியைக் கொடுப்பேன். கிறிஸ்துமஸ், ரம்ஜான், தீபாவளி, பெரிய வெள்ளி, பக்ரீத் எது வந்தாலும் அன்றைக்கு மோட்டார் போடுகிறவன் நான், பிறகு நாள் மாற்றிக்கொள்ளலாம். கடவுள் நம்பிக்கை இல்லாத ஒருவன் இதைவிட நியாயமாக முறை போட முடியுமா. “எனக்கு எல்லா நாளும் ஒண்ணுதான்” என்று மூன்று பேர் முன்னாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சரி என்றார்கள்.

முதல் வருடம் பெருமையாக இருந்தது. இரண்டாம் வருடம் கால் வலித்தது. மூன்றாம் வருடத்திலிருந்து எரிச்சல்.

ஊரே வெடி போடும்போது நான் வாழைக்குள் சேற்றில் நிற்பேன். மதினி வீட்டிலிருந்து அதிரசம் வரும். கிறிஸ்துமஸ் அன்று வாத்தியார் வீட்டு கேக்கு வாழையிலைத் துண்டில் வரும். ரம்ஜான் அன்று தூக்குவாளியில் பிரியாணி வரும், பாய் வீட்டுப் பிரியாணியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் எல்லாவற்றையும் வரப்பில் உட்கார்ந்து, சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துவிட்டுச் சாப்பிட வேண்டும். என் மனைவி ஒரு தடவை சொன்னாள்:

“சாமி கும்பிடுறவுக எல்லாம் வீட்ல உக்காந்து சாப்பிடுறாக. கும்பிடாத நீங்கதான் எல்லாச் சாமி சோத்தையும் வரப்புல உக்காந்து திங்கிறீக.”

  முறையை மாற்றக் கேட்கலாம்தான். ஆனால் எனக்கு எல்லா நாளும் ஒன்றுதான் என்று சொன்ன வாயால் எப்படிக் கேட்பது. தவிர, அது அவர்களுடைய வழிபாட்டு நாள். அதில் கை வைக்கிற ஆள் இல்லை நான். இப்படியே உள்ளுக்குள் புகைந்துகொண்டு பன்னிரண்டு வருடம் ஓட்டினேன்.

அப்புறம் என் மகள் விஷயம் வந்தது.

அவள் தேனியில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். ஞாயிறு மட்டும்தான் லீவு. காலை எட்டரைக்கு பஸ்ஸில் வந்து இறங்குவாள், சாயங்காலம் நாலு மணி பஸ்ஸில் போய்விடுவாள். நான் எட்டே முக்காலுக்கு வயலுக்குக் கிளம்புவேன், மூன்றேகாலுக்குத் திரும்பி வருவேன். “சாப்டியாத்தா” என்று கேட்பேன். “சாப்ட்டேம்ப்பா” என்பாள். வண்டியில் ஏற்றி பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வருவேன். இரண்டு வருடமாக என் மகளோடு நான் பேசியது இவ்வளவுதான், அதுவும் அவள் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க, காற்றில் பாதி கேட்காமல்.

போன கார்த்திகையில் அவளுக்குச் சென்னையில் பெரிய லேப் ஒன்றில் வேலை கிடைத்தது. போனில் சொன்னாள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் போனை வைத்துவிட்டுக் காலண்டரைப் பார்த்தேன். அவள் போவதற்கு முன்னால் ஏழு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. ஏழும் என் முறை.

 சென்னைக்குப் போனால் மாதத்துக்கு ஒரு தடவை வருவாளோ, பொங்கலுக்கு வருவாளோ. பொங்கலுக்கு வந்தாலும் நான் மோட்டார் ரூமில் இருப்பேன்.

அந்த வாரமே மோட்டார் காயில் எரிந்துபோனது. கழற்றி வைண்டிங்குக்குக் கொடுத்து, ஒரு புதன்கிழமை காலையில் திரும்ப இறக்க வேண்டியிருந்தது. மோட்டாரை இறக்கும்போது பங்குக்காரர்கள் எல்லோரும் இருக்க வேண்டும் என்பது எங்கள் பழக்கம், பின்னால் ஒருவர் மேல் ஒருவர் பழி போடாமல் இருக்க. நாலு பேரும் வந்துவிட்டோம். மெக்கானிக் வரவில்லை. போன் பண்ணினால் வந்துக்கிட்டே இருக்கேன் என்கிறான், பின்னால் டீக்கடைச் சத்தம் கேட்கிறது. நாலு பேரும் புங்கமரத்தடியில் உட்கார்ந்தோம். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று நான் ஆரம்பித்தேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

“எனக்கு இனிமே ஞாயித்துக்கெழம வேணாம். ஒங்க மூணு பேர்ல யாராச்சும் எடுத்துக்கங்க.”

மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார்.

“தம்பி, ஒடம்புக்கு எதுவும் முடியலையா?”

“ஒடம்பு நல்லாத்தான் இருக்கு சார்.”

மதினி என் முகத்தை உற்றுப் பார்த்தார். “கொழுந்தனாரே, உண்மையச் சொல்லுங்க. ஞாயித்துக்கெழம எங்க போகப் போறீக?”

பாய் வாத்தியார் பக்கம் திரும்பினார். “சார், மாமாவ ஒங்க பக்கம் இழுத்துட்டீகளா?”

“ஐயய்யோ, நான் ஒரு வார்த்தை பேசலப்பா” என்றார் வாத்தியார். ஆனால் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டால் ஞானஸ்நானம் வாங்கிவிட்டேன் என்று அர்த்தமா.

“யாரும் என்னை இழுக்கல. நான் எங்கயும் போகல. ஒங்க எல்லாருக்கும் ஒரு நாள் இருக்கு. எனக்கு மட்டும் ஏன் இல்ல? அதத்தான் கேக்குறேன்.”

“எங்களுக்குச் சாமி குடுத்த நாளு. ஒங்களுக்கு யாரு குடுத்தா?” என்றார் மதினி.

“யாரும் குடுக்க வேணாம். எட்டு மணி நேரம் வேல, வாரத்துக்கு ஒரு நாள் லீவுன்னு தொழிலாளிக சண்டை போட்டு வாங்குனது அது. சாமி குடுத்தது இல்ல.”

“அந்தச் சண்டைக்கு நீங்க போனீகளா?”

“நான் எங்க போனேன்.”

“அப்பறம் என்ன, நாங்களும் சாமியப் பாத்ததில்ல, நீங்களும் அந்தச் சண்டையப் பாத்ததில்ல. வாங்குனத வச்சிக்கிற வேண்டியதுதான்.”

வாத்தியார் விடவில்லை. வகுப்பு எடுக்க ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் அவர் விடவே மாட்டார். “அப்படிச் சொல்லாத தம்பி. அந்த ஏழாம் நாளுங்கிற கணக்கே எங்க வேதத்துல இருந்து வந்தது. ஆண்டவர் ஆறு நாள்ல எல்லாத்தையும் படைச்சாரு. ஏழாம் நாள் ஓய்வெடுத்தாரு.”

“அங்கனதான் நாங்க வேற” என்றார் பாய். “ஆறு நாள்ல படச்சது எங்களுக்கும் உண்டு சார். ஆனா அல்லாவுக்கு அசதி கெடையாது. அசதி வந்தா அது மனுசன்.”

“எங்க சாமிக்கு எல்லா அசதியும் உண்டுய்யா” என்றார் மதினி. “காலையில எழுப்பணும், குளிப்பாட்டணும், சோறு காட்டணும், ராத்திரி பள்ளியறையில படுக்க வைக்கணும். கல்யாணம் வேற பண்ணி வைக்கணும். பிள்ள வளக்குற மாதிரிதான். ஓய்வு நாளு சாமிக்கா, சாமி வச்சிருக்கிறவுகளுக்குல்ல வேணும்.”

நான் சொன்னேன், யாரும் எதையும் ஆறு நாளில் படைக்கவில்லை, பூமி தன்னால் உண்டானது, சுற்றுகிறது, பகலும் இரவும் வருகிறது, அதற்குத் திங்கள் செவ்வாய் என்று பெயர் வைத்தது மனுஷன் என்று. வாத்தியார் சிரித்தார். “ஒன்னை மாதிரி ஆளுக இங்கன புதுசு இல்ல தம்பி. உத்தமபாளையத்துப் பக்கம் கரட்டுல செலையா ஒக்காந்திருக்காகளே, சமணங்க, அவுகளும் ஒலகத்த யாரும் படைக்கலன்னுதான் சொன்னாக. ஆனா அவுக பூச்சி புழு சாகும்னு ஏரே புடிக்க மாட்டாக. நீ போன வாரம் வாழைக்கு அடிச்ச மருந்துல எத்தன பூச்சி செத்துச்சு?”

பாய் தொடையில் தட்டிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சமணர் போல இருக்க வேண்டுமென்றால் விவசாயம் பண்ண முடியாது, அதனால்தான் அவர்கள் வியாபாரத்துக்குப் போனார்கள் என்று நான் படித்ததைச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. பேச்சு செத்த பிறகு எங்கே போவது என்பதற்குத் தாவிவிட்டது. எங்கள் ஊரில் எந்தப் பேச்சும் கடைசியில் அங்கேதான் போகும், அதுவும் கிணற்றோரம் உட்கார்ந்திருந்தால் சொல்லவே வேண்டாம். பாய், கபுர்க் குழியில் கிடந்து தீர்ப்பு நாள் வரைக்கும் காத்திருக்க வேண்டும் என்றார். வாத்தியார், உடம்போடு எழுப்பப்படுவோம் என்றார்.

“எந்த வயசு ஒடம்போட சார்?” என்று பாய் கேட்டார். “இப்ப இருக்கிற முழங்காலோடன்னா யோசிக்கணும்.”

“அதெல்லாம் மகிமையான ஒடம்புப்பா. வலி இருக்காது.”

“நான் திரும்பப் பெறக்கத்தான் போறேன்” என்றார் மதினி. “அடுத்த பெறவியிலயாவது இந்தக் கெணத்துக்கு முழுப் பங்குக்காரியாப் பெறக்கணும். கொழுந்தனாரே, நீங்க?”

“நான் எங்கயும் போகல. மண்ணு. வாழைக்கு ஒரம்.”

“அப்ப ஒங்க தோட்டத்துத் தாரு நம்ம வீட்டுக்கு வேணாம் மாமா” என்றார் பாய்.

இப்படியே போனால் மெக்கானிக் வந்துவிடுவான், என் ஞாயிறு கிணற்றுக்குள் போய்விடும். நான் எழுந்து நின்றேன்.

“இங்க பாருங்க. பன்னெண்டு வருசமா ஒங்க மூணு பேரு சாமிக்காகவும் நான்தான் சேத்துல நிக்கிறேன். வெள்ளிக்கெழம மாப்ள வேல பாக்கக் கூடாது, சரின்னேன். ஞாயித்துக்கெழம சார் வேல பாக்கக் கூடாது, சரின்னேன். அமாவாசையில மதினி தொடக் கூடாது, சரின்னேன். ஒரு நாளாவது யாராவது, நீ போ, இன்னைக்கு நான் பாக்குறேன்னு சொன்னீகளா?”

பாய் சிரிப்பை நிறுத்தினார்.

“வெள்ளிக்கெழம நான் வேல பாக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா மாமா?”

“ஒங்க மார்க்கத்துல அப்படித்தான்.”

“எங்க மார்க்கத்துல ஜும்மா தொழுகைக்குப் பாங்கு சொன்னா வேலைய விட்டுட்டுப் போகணும். தொழுது முடிச்சிட்டுத் திரும்ப வேலைக்கு வரலாம். முன்னாடியும் பாக்கலாம், பின்னாடியும் பாக்கலாம். நான் வெள்ளிக்கெழம தோப்புல காய் வெட்டுறதில்லையா? நீங்க பாத்ததில்லையா?”

பார்த்திருக்கிறேன். நூறு தடவை பார்த்திருக்கிறேன். மரம் ஏறுகிற ஆள் வேறு நாளில் கிடைக்கவில்லை போல என்று நினைத்துக்கொள்வேன். வெள்ளி முழுநாள் ஓய்வு என்று எந்தப் புத்தகத்தில் படித்தேன் என்று யோசித்தேன். எந்தப் புத்தகத்திலும் இல்லை. யூதர்களுக்குச் சனிக்கிழமை முழுக்க வேலை கூடாது, அடுப்பு மூட்டக் கூடாது என்று படித்தேன். சரி, இவர்களுக்கு வெள்ளி அப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டி நீலப் பெயிண்டில் எழுதிவிட்டேன்.

நான் வாத்தியாரைப் பார்த்தேன். அவர் பார்வையை வேறு பக்கம் திருப்பினார்.

“எனக்குச் சர்ச்சுல ஆறரை மணிப் பூசை. ஏழரைக்கு முடிஞ்சிரும். நாங்க ஓய்வு நாள்னு சொல்றது உண்மைதான். ஆனா பயிருக்குத் தண்ணி கட்டுறத பாவம்னு எந்தப் பங்குச்சாமியும் எனக்குச் சொன்னதில்ல தம்பி. பூசை முடிஞ்சு வந்து நான் டி.வி.தான் பாக்குறேன்.”

“மதினி?”

“அமாவாசைக்கு ஏரு பூட்ட மாட்டாக கொழுந்தனாரே. மாட்டுக்கு அன்னைக்கு ஓய்வு. மோட்டாரு என்ன மாடா?”

 பன்னிரண்டு வருடம். எத்தனை வெள்ளி, எத்தனை ஞாயிறு.

“அப்பறம் ஏன் ஒருத்தரும் வாயத் தொறக்கல?”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் வாத்தியார்தான் சொன்னார், மாணவனுக்கு மார்க் குறைந்ததைச் சொல்கிற குரலில்.

“நீ ஒரு கொள்கையோட செய்றன்னு நெனச்சோம் தம்பி. ஊரே சாமி நாளுன்னு ஒதுங்கியிருக்கிற அன்னைக்குத்தான் நான் வேல பாப்பேன்னு. நீதான எனக்கு எல்லா நாளும் ஒண்ணுன்னு சொன்ன.”

“நோன்பு மாதிரின்னு நெனச்சோம் மாமா” என்றார் பாய். “ஒரு தடவ எனக்கு வெள்ளிக்கெழம தண்ணி அவசரமா வேணும். கன்னு நட்டு மூணு நாளாச்சு, காயுது. கேக்கலாம்னு கெணத்து வரைக்கும் வந்தேன். அவரு கொள்கைய நாம ஒடைக்கக் கூடாதுன்னு திரும்பிப் போயி, கொடத்துல சொமந்து ஊத்துனேன்.”

“மால போட்டவுககிட்டப் போயி மீன் கொழம்பு வேணுமான்னு யாராச்சும் கேப்பாகளா?” என்றார் மதினி. “அதான் நாங்களும் கேக்கல. பாவம், வரப்புல கெடந்து வேகுறாரேன்னு பலகாரம் மட்டும் குடுத்து விட்டோம்.”

அதாவது நான் அவர்களுடைய மதத்துக்காகப் பன்னிரண்டு வருடம் சேற்றில் நின்றிருக்கிறேன். அவர்கள் என் மதத்துக்காகப் பன்னிரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். எனக்கு மதமே இல்லை என்பதுதான் இங்கே பிரச்சினை.

எனக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. கோபம் வந்தால் திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும். கிணற்றைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். திரும்பி வரும்போது பாய் தோளில் போட்டிருந்த துண்டால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். வாத்தியார் கிணற்றுக்குள் எதையோ தீவிரமாகப் பார்ப்பதுபோல் குனிந்திருந்தார், அவருடைய முதுகு ஆடியது. மதினி மறைக்கவே இல்லை, கண்ணில் நீர் வர வெளிப்படையாகவே சிரித்தார். கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தேன். பிறகு எனக்கும் வந்துவிட்டது.

சிரித்து முடித்ததும் மதினி கேட்டார். “அது சரி, பன்னெண்டு வருசம் இல்லாம இப்ப என்ன திடீர்னு?”

மகள் விஷயத்தைச் சொன்னேன். ஏழு ஞாயிறு என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

மதினி சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு எழுந்தார். “பிள்ள வருது, நான் வீட்ல இருக்கணும்னு சொன்னா முடிஞ்சுபோச்சு. அத விட்டுட்டுத் தொழிலாளி சண்டை போட்டான், பூமி சுத்துதுன்னுட்டு. ஒங்களுக்கு அறிவே கெடையாதா?”

அடுத்த சண்டை, என் ஞாயிறை யார் எடுப்பது என்று. பாய் தன் செவ்வாயைத் தந்து மாற்றிக்கொள்கிறேன் என்றார். வாத்தியார் கூடவே கூடாது, தன் திங்களை எடுத்துக்கொண்டு ஞாயிறைத் தனக்குக் கொடு என்றார். நான் சந்தேகத்தோடு பார்த்தேன். ஓய்வு நாளை விட்டுக்கொடுக்க ஒரு மனிதர் இவ்வளவு துடிப்பதா. கடைசியில் விஷயம் வெளியே வந்தது. ஞாயிறானால் அவருடைய மகன், மருமகள், மூன்று பேரப்பிள்ளைகள் எல்லோரும் வந்துவிடுகிறார்கள், டி.வி. முன்னால்கூட ஒரு நிமிஷம் உட்கார முடியவில்லை, பந்தலுக்கு அடியில் போய் நிம்மதியாக இருந்தால் அதுவே தனக்கு ஓய்வு என்றார். ஆளுக்கு ஆள் ஓய்வு எப்படி மாறுகிறது பாருங்கள். வாத்தியாருக்கே ஞாயிறு என்று முடிவானது. அப்போதுதான் மெக்கானிக் வந்து சேர்ந்தான். நாங்கள் நாலு பேரும் சிரித்த முகமாக இருப்பதைப் பார்த்து, தாமதத்துக்கு வைத்திருந்த பொய்யைக்கூடச் சொல்லாமல் வேலையை ஆரம்பித்தான்.

முதல் ஞாயிறு வந்தது. நான் ஆறு மணிக்கே குளித்துச் சட்டை மாற்றி உட்கார்ந்துவிட்டேன். மகளை நானே பஸ் ஸ்டாண்டில் போய் ஏற்றி வந்தேன். வீட்டுக்கு வந்தாள், நாலு இட்லி சாப்பிட்டாள், “செத்த படுக்குறேம்ப்பா” என்று உள்ளே போனாள். பத்து ஆனது, பதினொன்று ஆனது. எழுந்திருக்கவில்லை. அவளுக்கும் அது ஒன்றுதானே லீவு. ஆறு நாளும் நின்று வேலை பார்க்கிற பிள்ளை.

வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மீன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தான், அவனை அந்தத் தெரு முனைக்கே விரட்டினேன். பக்கத்து வீட்டில் மிக்ஸி போட்டார்கள், எட்டிப் பார்த்து முறைத்தேன். அவசரமாக அணைத்தார்கள். மனைவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

“இதுக்குத்தான் மூணு மதத்துக்காரவுகளோட சண்டை போட்டு லீவு வாங்குனீகளா?”

“சத்தம் போடாத. பிள்ள தூங்குது.”

ஒரு மணிக்கு எழுந்து வந்தாள். சாப்பிடும்போது கிணற்றடிக் கதையைச் சொன்னேன். மதினி சொன்ன மீன்குழம்பு இடத்தில் அவளுக்குப் புரையேறி, அவள் அம்மா தலையில் தட்ட வேண்டியதாயிற்று. நான் அந்தச் சூட்டிலேயே கேட்டுவிட்டேன். இத்தனை வருடத்தில் நான் அவளிடம் கேட்டதே இல்லை.

“நீ என்ன நெனைக்கிற? சாமி உண்டா, இல்லையா?”

அவள் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னாள். “எனக்கு அதப்பத்தி ஒண்ணும் தோணலப்பா.”

“தோணலன்னா?”

“இருந்தா இருக்கட்டும். இல்லாட்டி இல்லாமப் போகட்டும். அம்மா கோயிலுக்குக் கூப்பிட்டா போவேன். நீங்க கூட்டத்துக்குக் கூப்பிட்டா அதுக்கும் வருவேன்.”

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. நம்புகிறவனோடு சண்டை போடலாம். பாய் அல்லா உண்டு என்பார், நான் இல்லை என்பேன், இரண்டு பேருக்கும் பேச ஒரு விஷயம் இருக்கிறது. ஒன்றும் தோணவில்லை என்கிறவளிடம் எங்கே பிடித்து ஆரம்பிப்பது. ஒரு மனுஷிக்கு அப்படித் தோணாமல் இருக்க முடியுமா என்றேன். இருக்கேனே என்றாள். பூமி எப்படி வந்தது என்று யோசித்ததில்லையா என்றேன். பரீட்சைக்குப் படித்தேன் என்றாள். அவள் அம்மா, இந்த வீட்டில் ஒருவருக்காவது சாமி தோணுகிறதே, அதற்கு நான் இருக்கிறேன் என்று ஒரு பக்கம் ஆரம்பித்தாள். இரண்டு பேரோடும் ஒரே நேரத்தில் சண்டை போட்டேன். மோர் ஊற்றிக்கொள்ளவே மறந்துவிட்டேன்.

மூன்றரைக்கு வண்டியை எடுத்தோம். வண்டியில் போகும்போதும் விடவில்லை. காற்றில் பாதி கேட்காததால் அவளும் கத்தினாள், நானும் கத்தினேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி நின்று பேசினோம். நாலு மணி பஸ் வந்து, நின்று, போயே போய்விட்டது, இரண்டு பேரும் கவனிக்கவில்லை. அடுத்த பஸ் வரைக்கும் கடையில் டீ வாங்கிக் கொடுத்தேன். டீ குடிக்கும்போது அவள், “இவ்வளவு கோவம் வருதுல்ல ஒங்களுக்கு, சாமி மேலயா, சாமி கும்பிடுறவுக மேலயா?” என்று கேட்டாள்.  யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து எத்தனை வருடமாகிறதோ.

பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். “அடுத்த வாரம் மோரு ஊத்திச் சாப்டுட்டு மிச்சத்தப் பேசுவம்ப்பா” என்றாள்.

வாரம் முழுக்க அந்தக் கேள்வியைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சும்போதும் அதுதான். ஒரு பதில் கிடைத்தது, சனிக்கிழமை அது சரியில்லை என்று தோன்றியது, வேறொன்றைத் தயார் பண்ணி வைத்தேன்.

அடுத்த ஞாயிறு வந்து படுத்தவள் பத்து மணிக்கே எழுந்துவிட்டாள்.